அவுட்லா கண்ட்ரி கேக்க ஆரம்பிக்கணுமா? எந்த ஆல்பம், எந்த ஆர்டர், ஏன்: முழுமையான வழிகாட்டி

அவுட்லா கண்ட்ரிங்குறது அமெரிக்காவோட கண்ட்ரி மியூசிக்ல 1970கள்ல வந்த ஒரு கலக வகை. அவுட்லான்னா சட்டத்த மீறினவன், அதனால பேர கேட்டதும் துப்பாக்கி, ஜெயிலு, குதிரை, கொள்ளைக்காரன்னு தான் மனசுல ஓடும். எனக்கும் அப்டித்தான் ஓடுச்சு, ஏதோ ரவுடிங்க பாடுற பாட்டு போலன்னு நெனச்சுட்டு, எல்லா லிஸ்ட்லயும் மேல இருக்குற ஒரு தொகுப்பு ஆல்பத்த போட்டு கேட்டேன், ஒண்ணும் புரியல, இதுல என்னய்யா கலகம் இருக்கு, நல்லாத்தானே அமைதியா பாடுறாங்கன்னு மூடி வச்சுட்டேன். அதுக்கப்பறம் ஒரு ரெண்டு வருஷம் அந்தப் பக்கமே போகல.

தப்பு ஆல்பத்துல இல்ல, நான் கேட்ட ஆர்டர்ல தான் இருந்துச்சு. ஏன்னா இந்தக் கலகம் போலீசுக்கு எதிரா நடந்தது இல்ல. கண்ட்ரி மியூசிக்கோட தலைநகரம் மாதிரி இருக்குற நாஷ்வில்ங்குற ஊரு ரெக்கார்ட் கம்பெனிங்களுக்கு எதிரா நடந்தது. என் பாட்ட நான் செலக்ட் பண்ணுவேன், என் பேண்ட் தான் வாசிக்கும், எந்த ஸ்டூடியோன்னு நான் சொல்லுவேன், அவ்ளோதான் கோரிக்கை. டிரம்ஸ யாரு வாசிக்கிறதுங்குற சண்டைன்னே சொல்லலாம். அந்த சண்ட காதுல விழணும்னா அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கணும். அதனால நான் சொல்ற ஆர்டர்ல போங்க, ஒவ்வொரு படிக்கும் ஒரு சாயங்காலம் போதும்.

படி 1: மொதல்ல எதிர்க்கட்சிய கேளுங்க

1950கள் கடைசில ராக் அண்ட் ரோல் வந்து கண்ட்ரி விற்பனைய சாப்ட்டுருச்சு. நாஷ்வில்ல ஆர்சிஏ கம்பெனிக்கு செட் அட்கின்ஸ், டெக்கா கம்பெனிக்கு ஓவன் பிராட்லின்னு ரெண்டு ப்ரொட்யூசருங்க. இவங்க என்ன பண்ணாங்கன்னா ஃபிடில், ஸ்டீல் கிட்டார் மாதிரி கிராமத்து வாசன அடிக்கிறத எல்லாம் பின்னாடி தள்ளிட்டு, வயலின் கூட்டம், பின்னால ஆ ஊன்னு இழுக்குற கோரஸ், மெத்து மெத்துன்னு ஒரு பியானோ எல்லாம் சேத்து டவுன்ல இருக்குறவனும் வாங்குற மாதிரி ஒரு சவுண்ட் செஞ்சாங்க. அதுக்குப் பேரு தான் நாஷ்வில் சவுண்ட். அதுன்னா என்னங்கன்னு அட்கின்ஸ்கிட்ட கேட்டப்போ பாக்கெட்ல இருந்த சில்லறைய குலுக்கிக் காட்டினாருன்னு ஒரு கத உண்டு.

வேல நடக்குற முறையும் ஃபேக்டரி மாதிரி தான். மூணு மணி நேரம் ஒரு செஷன், அதுக்குள்ள மூணு நாலு பாட்டு முடிச்சிரணும். பாட்ட தேர்ந்தெடுக்குறது ப்ரொட்யூசர், வாசிக்கிறது ஏ டீம்னு சொல்ற அதே கொஞ்ச பேரு, பாடகர் வந்து பாடிட்டு போயிரணும். அவரோட ரோட்ல ராத்திரி பகலா சுத்துற பேண்ட் வெளிய டீக்கட மாதிரி ஒரு எடத்துல காத்துட்டு இருக்க வேண்டியது தான்.

இந்தப் படிக்கு ரெண்டே ரெண்டு பாட்டு போதும். 1959ல வந்த ஜிம் ரீவ்ஸோட ஹீ'ல் ஹேவ் டு கோ, அப்பறம் 1961ல பேட்ஸி க்ளைன் பாடின க்ரேஸி. கேட்டுட்டு இதெல்லாம் மோசம்னு மட்டும் சொல்லிராதீங்க. க்ரேஸி மாதிரி ஒரு பாட்டு நூறு வருஷத்துக்கு ஒண்ணு தான் வரும். ஆனா அத எழுதினவர் பேர ஞாபகம் வச்சுக்கோங்க, வில்லி நெல்சன். பாட்ட குடுத்தா வாங்கிக்கிட்ட ஊரு, அவரே பாடினா வாங்கல. 1960கள் நடுவுல இருந்து ஆர்சிஏல அவர் போட்ட ரெக்கார்டுங்க பெருசா ஓடல. தாளத்துக்கு கொஞ்சம் பின்னாடி, பேசுற மாதிரி இழுத்து பாடுற ஆளு அவரு, அந்தக் குரலுக்கு மேல வயலின ஊத்தினா எப்படி இருக்கும், சாம்பாருக்கு மேல ஐஸ்க்ரீம் வச்ச மாதிரி தான்.

படி 2: ஹாங்கி டாங்க் ஹீரோஸ், 1973

வேய்லன் ஜென்னிங்ஸ். வேலன்னு எழுதினா முருகன் பேர் ஆயிடும், அதனால நான் வேய்லன்னே எழுதுறேன். டெக்சஸ்ல லிட்டில்ஃபீல்டுன்னு ஒரு ஊர்ல 1937ல பொறந்தவர். சின்ன வயசுல ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலிக்கு பேஸ் கிட்டார் வாசிச்சார். 1959 பிப்ரவரி 3 அன்னிக்கு பட்டி ஹாலி செத்துப்போன அந்த சின்ன ப்ளேன்ல இவருக்கு சீட் இருந்துச்சு, காய்ச்சலா இருந்த பிக் பாப்பர்ங்குற இன்னொரு பாடகருக்கு விட்டுக் குடுத்துட்டு பஸ்ல போனார். கெளம்புறதுக்கு முன்னாடி ஹாலியும் இவரும் வெளையாட்டா ஒருத்தர ஒருத்தர் கிண்டல் பண்ணிக்கிட்டப்போ உன் ப்ளேன் விழட்டும்னு இவர் சொல்லித் தொலச்சிட்டார், அந்த வார்த்த வாழ்க்க பூரா அவர விடல.

1965ல ஆர்சிஏல சேந்தார். மேடைல அவர் பேண்ட் தடதடன்னு அடிக்கும், ரெக்கார்டுல வேற யாரோ பதமா வாசிப்பாங்க. 1972ல மஞ்சக்காமால வந்து படுத்துட்டார், தலைக்கு மேல கடன். அப்போ அவரோட டிரம்மர் ரிச்சி ஆல்பிரைட் தான், ராக் பேண்டுக்காரங்க எல்லாம் அவங்க இஷ்டத்துக்கு ரெக்கார்ட் பண்றாங்களே, நாம ஏன் பண்ணக் கூடாதுன்னு கேட்டு, நியூயார்க் மேனேஜர் நீல் ரெஷன்கிட்ட கோத்து விட்டார். ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கும் மேனேஜரா இருந்த ஆளு இந்த ரெஷன். அவர் போய் உக்காந்து பேசி ஆர்சிஏகிட்ட புது கான்ட்ராக்ட் வாங்கினார், என் ரெக்கார்டு என் கையிலன்னு. அவுட்லா கண்ட்ரி உண்மைல பொறந்தது அந்த கான்ட்ராக்ட் பேப்பர்ல தான்னு நான் சொல்லுவேன்.

இப்ப ஆல்பத்துக்கு வருவோம். இதுல 10 பாட்டு, அதுல 9ல எழுதினவர்னு பில்லி ஜோ ஷேவர் பேரு இருக்கும். ஷேவர் மரம் அறுக்குற மில்லுல வேல பாத்து வலது கை விரல்கள இழந்தவர், அந்தக் கையோடவே கிட்டார் வாசிக்க கத்துக்கிட்டவர். 1972ல டெக்சஸ் டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ்ல நடந்த ஒரு திருவிழால அவர் பாட்ட கேட்டுட்டு, உன் பாட்ட வச்சே ஒரு முழு ஆல்பம் போடுறேன்னு வேய்லன் வாக்கு குடுத்துட்டார். குடுத்துட்டு மறந்தும் போயிட்டார். ஷேவர் நாஷ்வில் வந்து மாசக்கணக்கா தேடுறார், ஆளு நழுவிக்கிட்டே இருக்கார். கடைசில ஒரு நாள் ஸ்டூடியோக்கே போய், கூட்டத்துக்கு நடுவுல, என் பாட்ட கேக்குறியா இல்ல இங்கயே எல்லார் முன்னாடியும் அடி வாங்குறியான்னு நின்னுட்டார். சரி ஒரு பாட்டு பாடுன்னார் வேய்லன், அப்பறம் இன்னொண்ணு, இன்னொண்ணு. இப்டித்தான் இந்த ஆல்பம் வந்துச்சு.

எப்படி கேக்கணும்னா, டைட்டில் பாட்ட ஹெட்போன்ல போடுங்க. ஆரம்பம் மெதுவா, யாரோ திண்ணைல உக்காந்து பாடுற மாதிரி இருக்கும், ஓ இதுவும் சாதா கண்ட்ரி தான் போலன்னு நெனைக்கிற நேரத்துல பாதில டிரம்ஸும் பேஸும் உள்ள வந்து பாட்ட அப்டியே தூக்கும். அந்த ஒரு எடத்த மூணு நாலு தடவ திரும்பத் திரும்ப கேளுங்க. மூணு மணி நேரத்துல முடிக்கணும்னு உக்காந்த வாடக ஆளுங்க இப்டி நிறுத்தி, வேகத்த மாத்தி வாசிக்க மாட்டாங்க, ரோட்ல ஒண்ணா கெடந்து பழகின பேண்டுக்குத் தான் அது வரும். படி 1ல கேட்ட ரெண்டு பாட்டோட இத வச்சுப் பாத்தா சண்ட எதுக்குன்னு வாயால சொல்லவே வேணாம்.

கடைசிப் பாட்டு வீ ஹேட் இட் ஆல் மட்டும் ஷேவரோடது இல்ல, டேஸ்ட் கொஞ்சம் வேற, அது நல்ல பாட்டு தான், ஆனா பக்கத்து வீட்டு புள்ள மாதிரி தனியா நிக்கும். மொத்த ஆல்பமும் அர மணி நேரம் கூட இல்ல, அதனால எந்திரிக்காம கேட்டுருங்க.

படி 3: வில்லி நெல்சனோட மூணு ஆல்பம், இந்த வரிசைல

1970 டிசம்பர்ல நாஷ்வில் பக்கத்துல ரிட்ஜ்டாப்ல இருந்த வில்லி வீடு எரிஞ்சு போச்சு. எரியிற வீட்டுக்குள்ள ஓடிப் போய் அவர் எடுத்துட்டு வந்தது ரெண்டு தான், கிட்டாரும் கஞ்சா பையும். அவரே சொல்றது இது. அப்பறம் டெக்சஸ் போயிட்டார், 1972ல ஆஸ்டின்ல செட்டில் ஆனார். அங்க பழைய நேஷனல் கார்டு கட்டடம் ஒண்ண அர்மடில்லோ வேர்ல்ட் ஹெட்குவார்ட்டர்ஸ்னு கச்சேரி ஹாலா மாத்தி வச்சிருந்தாங்க. நீள முடி ஹிப்பிப் பசங்களும் கவ்பாய் தொப்பி போட்ட வயல்காட்டு ஆளுங்களும் ஒரே ஹால்ல ஒண்ணா நின்னு பீர் குடிச்சாங்க, வெளியில பாத்தா ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க. வில்லியும் முடிய வளத்துட்டார், தாடியும் விட்டுட்டார்.

அந்தக் கிட்டார பத்தி ஒரு வார்த்த சொல்லிடணும். பேரு ட்ரிகர். மார்ட்டின் என் 20, நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார். 1969ல பழைய கிட்டார் ஒடஞ்சு போனதால நாஷ்வில்ல இருந்த ஷாட் ஜாக்சன்கிட்ட கேட்டு, கண்ணால பாக்காமலே 750 டாலருக்கு வாங்கினார். கிளாசிக்கல் கிட்டார விரலால மீட்டணும், அதனால அதுல பிக், அதாவது கம்பிய மீட்டுற சின்ன துண்டு, உரசுற எடத்துல பாதுகாப்பு பிளேட் இருக்காது. வில்லி பிக் போட்டு பொறட்டு பொறட்டுன்னு பொறட்டினதுல சவுண்ட் ஹோலுக்குக் கீழ மரமே தேஞ்சு பெரிய ஓட்ட விழுந்துருச்சு. இன்னிக்கும் அதத் தான் வாசிக்கிறார். அந்தக் கிட்டாரோட சத்தத்த தெரிஞ்சுக்கிட்டா போதும், கண்ண மூடிட்டு வில்லி ரெக்கார்ட கண்டுபிடிச்சிரலாம். கொஞ்சம் மரக்கட்ட மாதிரி, கொஞ்சம் மூக்கால பேசுற மாதிரி, ஸ்பானிஷ் வாசனையோட இருக்கும்.

மொதல்ல ஷாட்கன் வில்லி, 1973. ஆர்சிஏவ விட்டுட்டு அட்லான்டிக் கம்பெனிக்குப் போனார், சோல் மியூசிக் உலகத்து ஜெர்ரி வெக்ஸ்லர் தான் கூப்ட்டது. நியூயார்க்ல ரெக்கார்டிங், ஆளு அவுத்து விட்ட கன்னுக்குட்டி மாதிரி பாடியிருப்பார். இது வார்ம் அப், ஒரு தடவ கேட்டா போதும்.

அடுத்து ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ், 1974, அலபாமால மஸில் ஷோல்ஸ்ல பண்ணது. ஒரு கல்யாணம் ஒடையுற கத. எல்பி தட்டுல மொத சைடு பூரா பொண்டாட்டி பக்கம், ரெண்டாவது சைடு பூரா புருஷன் பக்கம். மொத சைடுல பாத்திரம் கழுவுறதப் பத்தியே ஒரு பாட்டு இருக்கு, அதுலயே அந்தக் கல்யாணத்தோட மொத்த லட்சணமும் தெரிஞ்சிரும். 1974ல ஒரு ஆம்பள கண்ட்ரி பாடகர் பாதி ரெக்கார்ட பொம்பள மனசுக்குக் குடுத்தது சின்ன விஷயம் இல்ல. எனக்கு தனிப்பட்ட முறைல ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர விட இது தான் ஒசத்தி, ஆனா இதச் சொன்னா சண்டைக்கு வருவாங்க.

இப்ப அந்த ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர், 1975. கொலம்பியா கம்பெனி கான்ட்ராக்ட்ல முழு சுதந்திரம் குடுத்திருந்துச்சு. வில்லி டெக்சஸ்ல கார்லண்டுங்குற ஊர்ல ஆட்டம் சவுண்டுன்னு ஒரு சின்ன ஸ்டூடியோல, தன்னோட பேண்ட மட்டும் வச்சு, சுமார் 4,000 டாலர் செலவுல முடிச்சுட்டார்னு சொல்லுவாங்க. அக்கா பாபி நெல்சன் பியானோ, மிக்கி ரஃபேல் ஹார்மோனிகா, பால் இங்கிலிஷ் டிரம்ஸ். கம்பெனிக்காரங்க டேப்ப கேட்டுட்டு இது டெமோ தானே, முழு ரெக்கார்டு எங்கன்னு கேட்டாங்களாம். அது தான் முழு ரெக்கார்டு.

கத என்னன்னா ஒரு பாதிரியார், பொண்டாட்டி ஓடிப்போறா, தேடிப் போய் அவளையும் அவ காதலனையும் கொன்னுட்டு குதிர மேல ஊர் ஊரா அலையுறான். வழில குதிர மேல கை வச்ச இன்னொரு பொம்பளையையும் சுடுறான். ஆல்பம் இவனுக்கு கொஞ்சம் சீக்கிரமாவே பாவமன்னிப்பு குடுத்துருதுன்னு எனக்குத் தோணும், ரெண்டு பொண்ணுங்க உயிர் போயிருக்கு, நம்மாளு ரெண்டாவது சைடுல நிம்மதியா டான்ஸ் ட்யூன் கேட்டுட்டு இருப்பான். அந்த உறுத்தலோடயே தான் கேக்கணும்.

கேக்குற முறை: ஷஃபிள ஆஃப் பண்ணுங்க. டைம் ஆஃப் த ப்ரீச்சர் ட்யூன் திரும்பத் திரும்ப வரும், நாடகத்துல திரைய இழுத்து விடுற மாதிரி. ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின் வர்றப்போ எத்தன வாத்தியம் கேக்குதுன்னு எண்ணிப் பாருங்க, ஒரு கை விரலுக்குள்ள அடங்கிரும். ஃப்ரெட் ரோஸ் எழுதின பழைய பாட்டு அது, வில்லிக்கு பாடகரா கெடச்ச மொத நம்பர் ஒன் ஹிட் அது தான், வயசு 42. இன்னொண்ணு, ஒரிஜினல் ஆல்பத்துல 15 ட்ராக், கடைசி பண்டேரா, வெறும் வாத்தியம். 2000ல வந்த பதிப்புல பின்னாடி போனஸ் பாட்டுங்கள ஒட்டி வச்சிருக்காங்க, ஸ்ட்ரீமிங்ல பெரும்பாலும் அது தான் வரும். பண்டேரா முடிஞ்சதும் நிறுத்திருங்க, இல்லன்னா படம் முடிஞ்சப்பறம் ட்ரெய்லர் போட்ட மாதிரி ஆயிடும்.

படி 4: ட்ரீமிங் மை ட்ரீம்ஸ், 1975

திரும்ப வேய்லன். ஜாக் க்ளெமென்ட்டோட சேந்து தயாரிச்சது, எடம் டாம்பால் கிளேசர்ங்குற பாடகரோட ஸ்டூடியோ. அந்த ஸ்டூடியோவுக்கு ஹில்பில்லி சென்ட்ரல்னு செல்லப் பேரு. ராத்திரி பூரா பின்பால் மெஷின் ஆடுறது, நடுவுல ரெக்கார்டிங் பண்றது, அது தான் அங்க பொழப்பு. ஆர்சிஏ ஆர்ட்டிஸ்ட்னா ஆர்சிஏ இன்ஜினியர வச்சு ஆர்சிஏ ஸ்டூடியோல தான் பண்ணணும்னு யூனியன் ஒப்பந்தம் இருந்துச்சு, வேய்லன் அத ஒடச்சுட்டு இங்க வந்து ஒக்காந்துட்டார். 1977ல ஆர்சிஏ நாஷ்வில் ஸ்டூடியோவையே மூடிருச்சு. கிளேசர் ஸ்டூடியோல ஹேசல் ஸ்மித்னு ஒரு அம்மா பிரஸ் வேல பாத்தாங்க, இந்தக் கும்பலுக்கு என்ன பேர் சொல்றதுன்னு ரேடியோக்காரங்க கேட்டப்போ அவுட்லான்னு சொன்னது அவங்க தான்னு சொல்லுவாங்க. 1972லயே லேடீஸ் லவ் அவுட்லாஸ்னு வேய்லன் ஆல்பம் இருந்ததால அந்த வார்த்த காத்துல சுத்திக்கிட்டு தான் இருந்துச்சு.

ஆல்பத்துல மொதப் பாட்டு, ஆர் யூ ஷூர் ஹாங்க் டன் இட் திஸ் வே. பாட்டு பூரா ரெண்டே ரெண்டு கார்டு தான், அதாவது கிட்டார்ல சேத்து பிடிக்கிற சுரக்கூட்டு. கிட்டார் கத்துக்கிட்டு ஒரு வாரம் ஆன பையன் கூட வாசிச்சிருவான். அதுக்கு அடில கிக் டிரம் தும் தும் தும் தும்னு ஒரே சீரா, லாரி எஞ்சின் ஐடிலிங்ல நிக்கிற மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும். மேல ரால்ஃப் மூனியோட பெடல் ஸ்டீல். பளபள சட்டையும் புது காரும் வாங்கிட்டோம், பழைய கண்ட்ரி ஜாம்பவான் ஹாங்க் வில்லியம்ஸ் இப்டியா பண்ணாருன்னு கேக்குற பாட்டு அது, நாஷ்வில்ல பாத்து கேக்குறாரா தன்ன பாத்து கேக்குறாரான்னு கடைசி வரைக்கும் தெரியாது.

படி 5: எழுதினவங்கள தனியா கேளுங்க

இந்தப் படிய நெறைய பேர் தாண்டிப் போயிருவாங்க, அது பெரிய நஷ்டம். குரல விட பேனா தான் இங்க பலம்.

கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன், கிறிஸ்டோஃபர்சன், 1970. ரோட்ஸ்ங்குற பெரிய ஸ்காலர்ஷிப்ல ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர், ஆர்மில கேப்டன், ஹெலிகாப்டர் பைலட், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரில இங்கிலீஷ் வாத்தியார் வேல குடுத்தாங்க, வேணாம்னுட்டு நாஷ்வில் வந்து கொலம்பியா ஸ்டூடியோல தர தொடச்சு ஆஷ் ட்ரே கழுவுற வேல பாத்தார். வீட்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கண்ட்ரி ஸ்டார் ஜானி கேஷ் வீட்டு முத்தத்துல ஹெலிகாப்டர இறக்கினது உண்ம, ஆனா கையில பீரோட இறங்கினார்னு கேஷ் சேத்து விட்ட மசாலாவெல்லாம் பொய்னு கிறிஸே பின்னாடி சொல்லிட்டார். சண்டே மார்னிங் கமிங் டவுன் பாட்ட கேஷ் தன்னோட டிவி ஷோல பாடினப்போ போதைய குறிக்கிற ஒரு வார்த்தைய மாத்த சொன்னாங்க, கேஷ் மாத்தாம அப்டியே பாடினார். 1970ல கண்ட்ரி மியூசிக் அசோசியேஷன் வருஷத்தோட சிறந்த பாட்டு விருது அதுக்குத் தான். கிறிஸ் குரல் சுமார் தான், அவருக்கே தெரியும். ஞாயித்துக்கெழம காலைல யாரும் இல்லாத ரூம்ல தல வலியோட எந்திரிச்ச அனுபவம் இருந்தா குரல் எல்லாம் கண்ணுக்கே தெரியாது. 2024 செப்டம்பர்ல போயிட்டார்.

ஷேவரோட சொந்த ஆல்பம் ஓல்டு ஃபைவ் அண்ட் டைமர்ஸ் லைக் மீ, 1973, தயாரிச்சது அதே கிறிஸ். வேய்லன் பாடின சில பாட்ட எழுதினவர் குரல்லயே கேக்கலாம். அப்பறம் கய் கிளார்க்கோட ஓல்டு நம்பர் ஒன், 1975. இவங்க ரெண்டு பேரையும் விட இருட்டா ஒருத்தர் வேணும்னா டௌன்ஸ் வான் ஜான்ட், லைவ் அட் தி ஓல்டு குவார்ட்டர். 1973ல ஹூஸ்டன்ல ஒரு சின்ன பார்ல பதிவு பண்ணி 1977ல வந்தது. ஒரு ஆளு, ஒரு கிட்டார், அவ்ளோதான். நடுவுல மொக்க ஜோக்கெல்லாம் சொல்லுவார், சொல்லிட்டு உடனே நெஞ்சப் பிசையுற பாட்டு ஒண்ணு பாடுவார். டௌன்ஸ் செத்தது 1997 ஜனவரி 1. ஹாங்க் வில்லியம்ஸ் செத்தது 1953 ஜனவரி 1.

படி 6: இப்ப தான் வான்டட்! தி அவுட்லாஸ், 1976

நான் மொதல்ல கேட்டு கெட்டுப்போன ஆல்பம் இது தான். இது ஆல்பமே இல்லன்னு ஒரு வகைல சொல்லலாம், மார்க்கெட்டிங். ஊரெல்லாம் அவுட்லா அவுட்லான்னு பேசுறாங்க, இத வித்தா என்னன்னு ஆர்சிஏ நாஷ்வில் தலைவர் ஜெர்ரி பிராட்லிக்குத் தோணுச்சு, கம்பெனில ஏற்கனவே கெடந்த பாட்டுங்கள பொறுக்கி, வேய்லன், வில்லி, ஜெஸ்ஸி கோல்ட்டர், டாம்பால் கிளேசர்னு நாலு பேர் மூஞ்சிய பழைய காலத்து தேடப்படும் குற்றவாளி போஸ்டர் மாதிரி அட்டைல போட்டு வித்தார். பத்து லட்சம் வித்தா குடுக்குற பிளாட்டினம் சர்டிஃபிகேட் வாங்குன மொத கண்ட்ரி ஆல்பம் இது. ஆர்சிஏல ஓடாம போன வில்லியோட பழைய பாட்டுங்கள அதே ஆர்சிஏ திரும்ப எடுத்து வித்து காசு பாத்துச்சு, இதுக்கு மேல ஒரு கிண்டல் வேணுமா.

இதுல குட் ஹார்ட்டட் உமன் பாட்ட கேக்குறப்போ வேய்லனும் வில்லியும் ஒரே மேடைல நின்னு பாடுற மாதிரி, கூட்டம் ஆர்ப்பரிக்கிற மாதிரி இருக்கும். டூப்பு. வேய்லன் தனியா பாடின லைவ் டேப்ல வில்லி குரல பின்னாடி ஸ்டூடியோல ஒட்டினது, கைத்தட்டலும் ஏத்தினது. தெரிஞ்சப்பறமும் நல்லாத் தான் இருக்கு.

இங்க இருந்து ஜெஸ்ஸி கோல்ட்டர் பக்கம் ஒரு கிள போகும், அவசியம் போங்க. ஐ'ம் ஜெஸ்ஸி கோல்ட்டர், 1975. வேய்லனோட மனைவிங்குற ஒரு வரில இவங்கள முடிச்சிருவாங்க, ஆனா ஐ'ம் நாட் லிசா இவங்களே எழுதி, பியானோ வாசிச்சு பாடினது, கண்ட்ரில நம்பர் ஒன், பாப் லிஸ்ட்ல 4 வரைக்கும் போச்சு. அந்த நேரத்துக்கு வேய்லனுக்கே பாப்ல அப்டி ஒரு ஹிட் கெடயாது.

எல்பி வாங்குற பழக்கம் இருந்தா ஒரு எச்சரிக்க. ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட இந்த ஆல்பத்த செகண்ட் ஹேண்ட்ல வாங்கினேன், அட்ட பளிச்சுன்னு இருந்துச்சு, உள்ள தட்டு அப்பளம் மாதிரி வளஞ்சிருந்துச்சு. தட்ட மேசைல வச்சு பக்கவாட்டுல போட்டோ எடுத்து அனுப்ப சொல்லாம பணம் கட்டாதீங்க. 1996ல கூடுதல் பாட்டோட வந்த பதிப்பும் இருக்கு, மொத தடவைக்கு ஒரிஜினல் 11 பாட்டு போதும்.

படி 7: சனிக்கெழம சாயங்காலத்துக்கு

சோகம் போதும்னு தோணுறப்போ ஜெர்ரி ஜெஃப் வாக்கரோட விவா டெர்லிங்குவா, 1973. டெக்சஸ்ல லூக்கன்பாக்னு கைவிரல்ல எண்ணுற அளவு ஜனங்க இருக்குற குக்கிராமத்துல ஒரு டான்ஸ் ஹால்ல பதிவு பண்ணது. கூட்டம் சேந்து கத்துறது எல்லாம் அப்டியே இருக்கும். ஆராய்ச்சி எதுவும் வேணாம், சத்தமா வச்சு கேளுங்க.

படி 8: கொஞ்சம் பாத்து போக வேண்டிய எடம்

டேவிட் ஆலன் கோ. உண்மையிலேயே ஜெயிலுக்குப் போனவர், யூ நெவர் ஈவன் கால்டு மீ பை மை நேம் பாட்ட 1975ல பாடி பேர் வாங்கினார், ஸ்டீவ் குட்மேன் எழுதினது, கண்ட்ரி பாட்டையே கலாய்க்கிற கண்ட்ரி பாட்டு, பிரமாதம். ஆனா இவர் கம்பெனிக்கு வெளிய போட்ட சில ரெக்கார்டுங்கள்ல கறுப்பின மக்கள அசிங்கமா பேசுற பாட்டுங்க இருக்கு, கலகம்னு சொல்லி அதுக்கெல்லாம் சப்பக்கட்டு கட்ட முடியாது. ஸ்ட்ரீமிங் ஆப்பு தானா அடுத்த பாட்டு போடுறத நம்பி இவர் பக்கம் போகாதீங்க, ஆல்பம் பாத்து போங்க. ஜானி பேச்செக் பாடி ஹிட்டான டேக் திஸ் ஜாப் அண்ட் ஷவ் இட், 1977, எழுதினது கோ தான். பேச்செக்கும் 1985ல ஒரு பார்ல ஒருத்தர சுட்டு பின்னாடி ஜெயிலுக்குப் போனவர். நெசமான குத்தவாளிங்க இந்த லிஸ்ட்ல கம்மி தான், இருக்குறவங்களோட ரெக்கார்டு தான் பெஸ்டுன்னும் சொல்ல முடியாது.

படி 9: முடிஞ்ச கத, திரும்ப ஆரம்பிச்ச கத

1977ல ஸ்டூடியோவுக்கு கொக்கெய்ன் பார்சல் வந்துச்சுன்னு போலீஸ் வேய்லன புடிச்சுது, கேஸ் பின்னாடி தள்ளுபடி. 1978ல ஐ'வ் ஆல்வேஸ் பீன் க்ரேஸி ஆல்பத்துல, இந்த அவுட்லா சமாச்சாரம் கை மீறிப் போயிருச்சுப்பான்னு அவரே ஒரு பாட்டு எழுதிட்டார். பேருக்குத் தகுந்த மாதிரி வாழ வச்சிட்டாங்களேங்குற எரிச்சல் அதுல தெரியும். 1985ல கேஷ், வேய்லன், வில்லி, கிறிஸ் நாலு பேரும் ஹைவேமென்னு சேந்து ஆல்பம் போட்டாங்க, டைட்டில் பாட்டு அருமை, மத்ததுல 80கள் சிந்தசைசர் வாடை கொஞ்சம் தூக்கலா இருக்கும், நான் அடிக்கடி போட மாட்டேன். வேய்லன் 2002ல செத்துட்டார். இப்ப காலத்துல வேணும்னா ஸ்டர்ஜில் சிம்ப்சனோட மெட்டாமாடர்ன் சவுண்ட்ஸ் இன் கண்ட்ரி மியூசிக், 2014. மொத பாட்டு கேட்டதும் வேய்லன் குரல்னு தோணும், அதுக்கப்பறம் ஆளு வேற எங்கயோ போயிருவார்.

படி 10: ஆரம்பிச்ச எடத்துக்கே

எல்லாம் கேட்டு முடிச்சப்பறம் கடைசியா ஒண்ணு இருக்கு. க்ரேஸி, த டெமோ செஷன்ஸ்னு 2003ல வந்த வில்லி ஆல்பம். 1960கள்ல மத்தவங்களுக்கு பாட்ட விக்கிறதுக்காக அவர் பாடி அனுப்பின டெமோ டேப்புங்க, சிலதுல கிட்டார் மட்டும், சிலதுல சின்ன பேண்ட். படி 1ல பேட்ஸி க்ளைன் குரல்ல கேட்ட அதே க்ரேஸிய இதுல போடுங்க. வயலின் இல்ல, கோரஸ் இல்ல, தாளத்துக்கு பின்னாடி இழுத்து இழுத்து பாடுற அதே வில்லி. ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர கேட்டுட்டு இது டெமோ மாதிரி இருக்கேன்னு 1975ல கம்பெனிக்காரங்க சொன்னாங்கல்ல, அவங்க சொன்னது சரி தான்.